கணினிக்குள் மாட்டிய மின்மினிகள்

எனக்குக் கோபம் வந்தால் எங்கள் வீட்டுப் பூனை பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விடும். என் கணவர் சுகுமாரனும் போய்விடுவார். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வரும். அப்பேர்ப்பட்ட என்னைத் தொலைபேசியில் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள், அதுவும் என்னிடமே காசு வாங்கிக்கொண்டு. இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு என் பக்கத்தில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மலேசியாவில், கோலசிலாங்கூர்ப் பக்கத்து அசாம் ஜாவாவில் எங்கள் வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் போட்டிருக்கிறேன். கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து கொடுப்பது என் தொழில். திலகம் அக்கா கைவேலை என்று ஊரில் சொல்வார்கள். கையில் ஒன்றும் இல்லை. நான் கணினியில் வரைந்து அனுப்புவதை மெஷின் தைக்கிறது, அவ்வளவுதான். வரைவதற்கு ஒரு மென்பொருள் உண்டு. அதைத் திறக்க ஒரு சாவியும் உண்டு. சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புக் குச்சி, நுனியில் பளபளவென்று தகடு. அந்த நுனியைக் கணினியின் பக்கத்துத் துளையில் செருகினால்தான் மென்பொருள் கண் திறக்கும். மெஷினைவிட அந்தக் குச்சியைத்தான் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

இதெல்லாம் கலாவதிக்காகச் சொல்கிறேன். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். தோட்டத்தை விட்டு எல்லாரும் வெளியே வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் அவளுக்கு நான் அக்காதான். மின்மினி பார்க்க ஆற்றில் படகு விடுகிறார்களே, அங்கே சீட்டு விற்கிற கூண்டுக்குள் வேலை பார்க்கிறாள். தம்பிகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து வைத்து, தலையில் நரை விழுந்த பிறகு இப்போதுதான் அவளுக்குக் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை அழகேசன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், நல்ல மனுஷன்.

கலாவிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். எதற்கெடுத்தாலும் "பரவால்லக்கா" என்பாள். தம்பி கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்துபோய் அவளுக்கு வெறும் சோறு வந்தபோதும் பரவால்லக்கா. சீட்டுக் கூண்டில் காற்றாடி கெட்டு வெந்துகொண்டிருந்தபோதும் பரவால்லக்கா. பெண் பார்க்க வந்தவன் அவளை விட்டுவிட்டு அவள் சித்தி மகளைக் கேட்டானே, அன்றைக்கும் அதே பரவால்லக்காதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். அரக்குப் பட்டு. ரவிக்கையில் என்ன போடலாம், மயிலா, யானையா, மாங்காயா என்று கேட்டேன்.

"எதுனாலும் பரவால்லக்கா."

அடிக்கலாம் போல வந்தது. சரி, மயில் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவளும் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் மோட்டாரில் ஏறி, தலைக்கவசமும் மாட்டிவிட்டாள். பிறகு இஞ்சினை நிறுத்தினாள்.

"அக்கா, மின்மினி போட முடியுமா?"

"மின்மினியா? கல்யாண ரவிக்கையில யாருடி பூச்சி போடுவா?"

"இல்லக்கா... டெய்லி டிக்கெட் விக்கிறேன். வர்றவங்க எல்லாம் பாத்துட்டுப் போறாங்க. நான் கூண்டுக்குள்ளயே இருக்கேன். அதான் கையில இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். முடியாட்டிப் பரவால்ல..."

தலைக்கவசத்துக்குள் அவள் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்து அவள் வாய் திறந்து இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத. போடுறேன் போ" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, மின்மினி வரைவது லேசா? மின்மினிகள் வந்து அடையும் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரத்தின் இலைகளைக் கரும்பச்சையில் போட்டு, இலைக்கு இலை ஒரு தங்க இழைப் பொட்டு வைக்க வேண்டும். தோளில் அடர்த்தியாக ஆரம்பித்து, முழங்கைக்கு வரும்போது ஒன்றிரண்டாகக் குறைய வேண்டும். வரைந்தேன், அழித்தேன், மறுபடி வரைந்தேன். எனக்கே பிடித்துப்போனது. ஆறு ஓடும் முதுகுப் பக்கத்தை உடனே தைத்தும் விட்டேன். கைகள் இரண்டையும் வரைந்து முடித்த அன்று மாலை ஆயுத பூசை வந்துவிட்டது. கருவிகளைத் தொடக் கூடாத நாள். பூசை முடிந்து தைத்துக்கொள்ளலாம், கல்யாணம் தீபாவளி கழித்துத்தானே என்று விட்டுவிட்டேன். முதுகு துணிக்கு வந்துவிட்டது. கைகள் இரண்டும் கணினிக்குள்ளேயே இருந்தன.

எங்கள் வீட்டில் ஆயுத பூசை என்றால் எதையும் விட மாட்டேன். மெஷின், கணினி, மோட்டார், கார், அரிசிக் குக்கர், துணி துவைக்கும் மெஷின், சுகுமாரனின் துளைபோடும் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சந்தனத்தைப் பன்னீர் விட்டு நானே குழைப்பேன். கத்தரிக்கோல், சாவி எல்லாம் சாமி மேடையில் தட்டில் இருந்தன. பொரி கடலையோடு அன்றைய நாள் இனிதாக முடிந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, சாவியைத் துடைத்துச் செருகினேன். திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. உரிமம் இல்லை, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் சொன்னது. பிடுங்கிச் செருகினேன். வேறு துளையில் செருகினேன். காசு கொடுத்து வாங்கி, முறையாகப் பதிந்து, வருஷக் கணக்கில் வேலை செய்த என்னைப் பார்த்து உரிமம் இல்லை என்கிறது! பூனை எழுந்து பின்வாசலுக்குப் போனது.

மென்பொருள் கம்பெனியின் உதவி மையத்தைக் கூப்பிட்டேன். என்னிடம் இருப்பது சாதாரணத் திட்டமாம், அதில் பேச்சு கிடையாதாம், மின்னஞ்சல் மட்டும்தானாம். பேச வேண்டுமென்றால் மேல்தரத் திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கோயிலில் விரைவு வரிசைக்குத் தனிக் கட்டணம் வாங்குகிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். கட்டிய பிறகு ஒருவன் பேசினான்.

"மேடம், ஹேவ் யூ ட்ரைட் ரீஸ்டார்ட்டிங்?"

செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் வேறொருவன், மறுபடியும் முதலிலிருந்து முழுக் கதையும் சொன்னேன், அவனும் ரீஸ்டார்ட் என்றான். மூன்றாவது ஆள் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாக, அதுவரை ஆங்கிலத்தில் திட்டிய சிவப்புப் பெட்டி இப்போது ஏதோ புரியாத மொழியில் திட்ட ஆரம்பித்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு ஆள், இன்னொரு நாள். நடுவில் பியானோ இசை. அந்தப் பியானோவை வாசித்தவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எல்லாரும் தவறாமல் ஒரு கேள்வி கேட்டார்கள். சாவி கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா, அதன் மேல் ஏதாவது கொட்டியதா?

"நோ! வெரி கிளீன்! ஐ கீப் இன் மை பிரேயர் பிளேஸ்!" என்று கத்தினேன். சாமி மேடையில் வைத்து எடுத்த பொருளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

சுகுமாரன் புஞ்சாக் ஆலாமில் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். மாலையில் வந்து, "இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்பார். நான் சொல்லுவேன். அவர் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றப் போய்விடுவார். அந்த மாதம் எங்கள் மோட்டார் குடித்த எண்ணெயில் ஒரு லோரி ஓடியிருக்கும்.

தீபாவளிக்கு வந்த மற்ற வேலைகளை ராவாங்கில் ஒரு கடைக்குத் தள்ளிவிட்டேன். போனால் போகிறது. கலாவின் வேலையைத் தள்ள முடியாது. முதுகில் பாதி ஆறு ஓடுகிறது, மீதியை வேறு யார் எப்படி வரைவார்கள்? கடைசியில் மேலதிகாரி என்று ஒருவர் பேசினார். நிதானமாக, தேன் ஒழுகப் பேசினார். சாவி செத்துவிட்டது, புதுச் சாவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வருவதற்குள் நவம்பர் போய்விடும் என்றார். அதற்கு முன் செத்தது உண்மைதான் என்று அவர்கள் ஆள் ஒருவர் கைப்பேசிக் காணொளியில் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். பிணத்துக்கும் சான்றிதழ்.

அன்றைக்குக் கலாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் படகு இஞ்சின் சத்தம் கேட்டது.

"பரவால்லக்கா. முதுகுல இருக்குல்ல, அது போதும். கைக்கு வெறும் துணி வெச்சுத் தெச்சிடுங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன். எனக்குக் கோபம் வரும், அழுகை வராது. அன்றைக்கு வந்தது. வாழ்நாளில் ஒன்றே ஒன்று கேட்டாள், அதையும் முதுகில் வைத்துக் கொடுக்கப் போகிறேன், அவள் கண்ணுக்கே தெரியாத இடத்தில்.

தீபாவளி முடிந்த மறுநாள், பலகாரத் தட்டுகள் கழுவாமல் கிடந்தபோது, காணொளி அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல். தன் பெயர் லினி என்றது. அவள் பக்கம் முகம் காட்டும் வழக்கமில்லை, கம்பெனிச் சின்னம் மட்டும்தான் தெரிந்தது. பிலிப்பைன்ஸ் பெண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம், ப்ளீஸ் ஷோ மீ த கம்ப்யூட்டர்."

கைப்பேசியைத் திருப்பி வேண்டாவெறுப்பாகக் காட்டினேன். மேசை, விசைப்பலகை, திரை. திரையின் உச்சியில் கேமரா மெதுவாக நகர்ந்தது. அங்கே பூசைக்கு வைத்த பொட்டு, சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் கொஞ்சம் உதிர்ந்து அப்படியே இருந்தது. அதை நான் துடைக்க மாட்டேன். தானாக உதிர்ந்தால் உதிரட்டும்.

கைப்பேசியை மெஷின் பக்கம் திருப்பப் போனேன்.

"அக்கா," என்றது குரல். "பூசைக்கு அந்தச் சாவிக்கும் பொட்டு வெச்சீங்களா?"

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அத்தனை நாள் ஆங்கிலத்தில் கேட்ட அதே மையத்திலிருந்து தமிழ் வருகிறது!

"வெச்சேன். ஏன் வெக்காம? எல்லாத்துக்கும்தான் வெச்சேன்."

"எங்க வெச்சீங்க? கறுப்பா இருக்கே அதுலயா, பளபளன்னு இருக்கே அதுலயா?"

"கறுப்புல எழுத்து இருக்கும்மா, அது மேல எப்படி வெக்கிறது? பளபளன்னு இருக்கிறதுதான் அதுக்கு நெத்தி மாதிரி இருந்துச்சு."

சொல்லி முடிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. சாவியைக் கணினியிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். தகட்டின் மேல்புறம் துடைத்துச் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதில் இரண்டு குட்டி ஓட்டைகள் இருந்தன. உள்ளே பார்த்தேன். அந்தச் சின்னச் செவ்வகப் பொந்துக்குள், பித்தளைக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில், என் வீட்டுப் பன்னீர்ச் சந்தனம் சுவருக்குப் பூசின சிமெண்டு மாதிரி இறுகிப்போய் இருந்தது. நானே குழைத்து, நானே வைத்து, மூன்று வாரமாக ஊரையெல்லாம் திட்டியிருக்கிறேன்.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. எப்படிக் கண்டுபுடிச்ச?"

அவள் சிரித்தாள். "எங்கப்பா பத்தாங் காலியில இருக்காரு. வருஷா வருஷம் காருக்குப் பூசை போட்டு, ரிவர்ஸ் கேமரா மேலயே கரெக்டா பொட்டு வெச்சிடுவாரு. கேமரா கெட்டுப்போச்சுன்னு ஒரு தடவை புதுசே மாத்திட்டோம். அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்க ஸ்க்ரீன் மேல பொட்டப் பாத்ததும் அவரு ஞாபகம் வந்திருச்சு. என் பேரு விஷாலினி. ஆபீஸ்லதான் லினி."

"இங்லீஷ்லதான பேசணும் உங்களுக்கு?"

"ஆமா, ரெக்கார்ட் ஆகுது. ஆகட்டும்லா. இதை நான் எப்படிக்கா இங்லீஷ்ல கேக்குறது?"

பல் துலக்கும் பழைய தூரிகை, காயம் துடைக்கும் ஸ்பிரிட், ஒரு மெல்லிய ஊசி. அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கம்பிகளைக் கீறிவிடாமல் ஓரத்திலிருந்து பொறுமையாகச் சுரண்டச் சொன்னாள். சந்தனம் பொடிப்பொடியாக மேசையில் விழுந்தது. அந்த நேரத்திலும் வாசம் வந்தது, நல்ல சந்தனம். கணினியின் துளைக்குள்ளும் துடைத்து, காயவிட்டு, செருகினேன்.

சாவியின் முதுகில் பச்சை விளக்கு எரிந்தது. மென்பொருள் கண் திறந்தது. கலாவின் இரண்டு கைகளும் திரை நிறைய வந்தன, இலைக்கு இலை தங்கப் பொட்டோடு.

"வந்திருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் சுகுமாரன் சமையலறையிலிருந்து முறுக்கும் கையுமாக ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சந்தனம் மிஞ்சினால் எங்கே பூசுவார்கள் என்று ஒரு பழமொழி உண்டு. அவர் அதை ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே முறுக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

விஷாலினி வேலையை முடிக்க வேண்டும். பழுதுக்கு என்ன காரணம் என்று பதிய வேண்டுமாம். "தூசின்னு போட்டுக்கட்டுமாக்கா?"

மறுபடி எனக்கு ஏறிவிட்டது. "என்னாது தூசியா? என் வீட்டுச் சந்தனத்தப் போயித் தூசிங்கிற?"

"இங்க சாய்ஸ் அவ்வளவுதான்க்கா. தூசி, தண்ணி, பூச்சி, மத்தவை."

"மத்ததுன்னு போட்டு உள்ளத எழுது. சாமி விஷயம்."

அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். போனை வைப்பதற்கு முன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் ஹெட்செட்டுக்கும் உள்பக்கம் சின்னதா ஒரு பொட்டு இருக்குக்கா. யாருக்கும் தெரியாது" என்றாள்.

"வயரு மேல படாம வெச்சியா?"

"ஐயோ, அதெல்லாம் தெரியும்லா."

அந்தப் பெண் எந்த வீட்டுப் பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் மையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரிதான். காரணம்: பூசை. நிலை: தீர்ந்தது. அதைக் காட்டிக் காட்டி சுகுமாரன் அந்த வாரம் முழுவதும் சிரித்தார். நானும் விட்டுவிட்டேன், பூனைகூட உள்ளேயே இருந்தது.

மெஷின் தைத்துத் தள்ளியது. ஞாயிற்றுக்கிழமை காலை கோலசிலாங்கூர்க் கோயில் மண்டபத்தில் கலா அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோளிலிருந்து முழங்கை வரை இலைகள். மேடை விளக்கு பட்டபோதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுகள் மின்னின. வந்திருந்த பெண்கள் கிட்டே வந்து கையைப் பிடித்துப் பார்த்தார்கள். அழகேசன்கூடத் தாலி கட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஐயர் கனைக்க வேண்டியதாயிற்று.

தாலி கட்டியாயிற்று. எல்லாரும் படம் எடுக்க ஏறினோம். படக்காரத் தம்பிக்கு அடுத்த கல்யாணத்துக்குப் போகிற அவசரம். ஒன்றை எடுத்துவிட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அக்கா, முகம் நல்லா வந்திருக்கு. கை மட்டும் மாலைக்குள்ள மறைஞ்சிருச்சு. பரவால்லதானே?"

கலாவைப் பார்த்தேன். அவள் கழுத்து மாலையை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். தோளை முன்னால் திருப்பி, கையை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டாள்.

"இல்ல தம்பி," என்றாள். "கை தெரியணும். இன்னொரு தடவை எடுங்க."